முன் அச்சில் ஏறி வந்த ஆள்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதன் பிறகு இந்தக் கையால் கட்டியவற்றைச் சொல்கிறேன். சங்ககிரியில் பழைய இரும்புக் கடை வாசலில் ஒரு வெல்டிங் பட்டறை. அந்தப் பட்டறையில் ஊரார் லாரிகளுக்கெல்லாம் பாடி. சொந்தமாக ஒரு லாரி, அது குட்டி போட்ட மாதிரி பல லாரி. தங்கைக்கு வீடு. பெண்களுக்குக் கல்யாணம். பாறைதான் இருக்கிறது, விட்டுவிடு என்று பூமி பார்க்கிறவர்கள் கைகழுவிய இடத்தில் தண்ணீர் நிற்கிற கிணறு. எல்லாவற்றுக்கும் மேலே என் ட்ரெய்லர். இழுக்கிற வண்டியின் முதுகில் ட்ரெய்லரை மாட்டுகிற வட்டத் தட்டு இருக்கிறதே, அதை முன்னும் பின்னும் நகர்த்துகிற மாதிரி நானே அறுத்து, நானே பற்றவைத்துப் பொருத்தினேன். உடைந்துவிடும் என்றார்கள். உடையவில்லை. படித்தவர் ஒருவர் வந்து அதைப் படம் பிடித்துக்கொண்டு போனார். என்னைப் படம் பிடிக்கவில்லை.

எங்கள் கோயில் விழா மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கமிட்டியில் கேட்டார்கள். வாழ்த்துரை எழுத எனக்கு வராது. கருப்பணார் சிலையை நெம்மேலிக் கடற்கரையிலிருந்து கொண்டு வந்த கதையை எழுதுகிறேன். உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

வண்டி தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ட்ரெய்லரின் பாரத்தில் ஒரு பங்கு அந்தத் தட்டின் மேல் உட்காரும். தட்டை முன்னே நகர்த்தினால் பாரம் முன் சக்கரங்களுக்குப் போகும். பின்னே நகர்த்தினால் பின் சக்கரங்களுக்குப் போகும். எங்கள் வண்டிக்கு முன் அச்சில் ஏழு டன்னுக்கு மேல் ஏறக்கூடாது. பின்னால் வரிசையாக டயர்கள் உண்டு, ஒன்று வெடித்தால் மற்றது தாங்கும். முன்னால் இருப்பது இரண்டே இரண்டு. அதில் ஒன்று வெடித்தால் ஸ்டேரிங் ஓட்டுகிறவனுடையது இல்லை. ஓட்டுகிறவனும் வீட்டாருடையவன் இல்லை. அன்று ஓட்டியவன் சண்முகம். என் தங்கைக்கு ஒரே பிள்ளை.

நாங்கள் செங்கல்பட்டு வந்து சேர்ந்தபோது பொழுது விடிந்து ஏரித் தண்ணீர் வெள்ளையாகத் தெரிந்தது. கடையில் இட்லிக்கு வடகறி ஊற்றினார்கள். எங்கள் ஊரில் சட்னியில் இருக்கிற மரியாதை இந்த வடகறியில் இல்லை என்று நினைத்தேன். இரண்டாவது தட்டில் அந்த நினைப்பு போய்விட்டது. சாமியைக் கொண்டுவரப் போகிறவன் கவுச்சி தொடக்கூடாது என்று விரதம் இருந்தேன். அங்கிருந்து கடற்கரை வரை தெருவுக்குத் தெரு மீன் வாசம். என் விரதத்தைச் சோதிக்கத்தான் இந்தப் பக்கத்தில் கடலை வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது.

சிற்பக்கூடம் மாமல்லபுரத்துக்கு வடக்கே, நெம்மேலி ஓரம். கிழக்கே சவுக்குத் தோப்பு, அதைத் தாண்டினால் அலை. உளிச் சத்தமும் அலைச் சத்தமும் மாறி மாறி வந்தன. இரண்டும் ஒரே சமயத்தில் நின்றபோது மட்டும் எனக்கு என்னவோ போல இருந்தது. ஸ்தபதி நல்ல மனிதர், கையெல்லாம் கல் தூள். எங்கள் கருப்பணார் மல்லாந்து படுத்திருந்தார். கண் இன்னும் செதுக்கவில்லை. அது கோயிலுக்குப் போன பிறகு, வெள்ளிக்கிழமை காலையில் செய்ய வேண்டியது. அதுவரை முகத்தில் மஞ்சள் துணி சுற்றியிருந்தது. வேறு ஊர்க்காரர்கள் சொல்லி வைத்து வாங்காமல் விட்டுப்போன கல் அது. பல வருஷம் கிடந்த இடத்திலேயே கிடந்தது, கிடந்த இடத்திலேயே வைத்துத்தான் எங்கள் சாமியைச் செதுக்கினேன் என்றார்.

அப்போது ஓர் அம்மாள் தூக்குவாளியோடு வந்தாள். நெற்றியில் பெரிய பொட்டு, இடுப்பில் செருகிய சேலை. நேராகச் சிலையின் தலைமாட்டுக்குப் போய் இலையை விரித்து, சோற்றையும் மீன் குழம்பையும் வைத்தாள். வைத்துவிட்டு, "உப்பு கொறச்சல்னு சொல்லாத. காத்தால கரண்ட் இல்ல" என்று யாரிடமோ சொன்னாள். அங்கே யாரும் இல்லை.

எனக்குக் கோபம் வந்தது. "சாமி தலைமாட்டுல கவுச்சிய வெக்கறயே, நல்லாருக்குதாம்மா?" என்றேன்.

"ஒன் சாமிக்கு யாரு நைனா வச்சா? இது எங்க ஊட்டுக்காரருக்கு. நீ இன்னிக்கு வந்துகீற. அது எத்தினி வருசமா இந்தக் கல்லுல சாஞ்சிகினு கீது, தெரியுமா?"

ஸ்தபதி என்னைத் தனியே அழைத்துப் போய்ச் சொன்னார். அவள் பெயர் தேசம்மா, மீன் விற்கிறவள். புருஷன் வேதகிரி இங்கே காவலுக்கு இருந்தவர். இரவெல்லாம் இந்தக் கல்லில் சாய்ந்து படுத்திருந்துவிட்டு, விடியக் கடலுக்குப் போவார். ஒரு நாள் படகு மட்டும் திரும்பி வந்தது. உடம்பு கிடைக்கவில்லை. அன்றிலிருந்து அவள் சோறு கொண்டு வருவதை நிறுத்தவில்லை. "யாருக்கும் தொந்தரவு இல்லைங்க, விட்டுடுங்க" என்றார். விட்டுவிட்டேன்.

டீ குடித்தேன். தண்ணீர் சப்பென்று, எதிலும் சேராத ருசியாக இருந்தது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் ஒரு வாய் குடித்தால் பாறையின் பெயரைச் சொல்லிவிடலாம். இங்கே கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக மாற்றுகிற பெரிய ஆலை இருக்கிறது என்றார் டீக்கடைக்காரர். அதிசயம்தான் என்று ஒப்புக்கொண்டேன். மனுஷன் கட்டியது எதுவானாலும் நான் மதிப்பவன்.

மறுநாள் காலை கிரேன் வந்தது. எந்தப் பக்கம் தலை என்பதில் பேச்சே இல்லை. சாமி காலை முன்னே நீட்டிப் போகக்கூடாது. அது பிணத்துக்கு உண்டான முறை. தலை முன்னால், பீடம் பின்னால். பீடம்தான் கனம். ஆகவே பாரம் பின்னால் விழும், முன் அச்சு இலேசாகத்தான் இருக்கும் என்று அப்போதே மனதில் கணக்குப் போட்டுவிட்டேன். என் மனக்கணக்கு பிசகியதில்லை.

பெல்ட்டை மாட்டும்போது தேசம்மா ஓடி வந்தாள். "இரு, இரு, தூக்காத! அது தூங்கிகினு கீது. பேர் சொல்லி எழுப்பிட்டு அப்பால தூக்கு. காவக்காரன் படுத்துகீற கல்ல அப்பிடியே தூக்குவாங்களா?"

கிரேன்காரன் சிரித்தான். "தேசம்மாக்கா, ஒன் ஊட்டுக்காரரு எழுந்தா எனக்கு ரெண்டு பீடி வாங்கியாரச் சொல்லு."

"ஒனக்கு பீடி ஒண்ணுதான் கொறச்சல். போடா."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும். "அம்மா, ஒதுங்கிக்கோ. தூக்குப்பா" என்றேன். அவள் சண்டை போடவில்லை. தூக்குவாளியை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, "சரி நைனா. கூட வந்துச்சின்னா நீயே பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுத் தோப்புக்குள் போய்விட்டாள். முன் சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக் கிளம்பினோம்.

மாமல்லபுரத்தில் சங்கு விற்கிறவர்கள், பாசிமணி விற்கிறவர்கள், வெளிநாட்டுக்காரர்கள் எல்லோரும் நின்று பார்த்தார்கள். இளநீர்க் கடைக்காரன் எட்டிப் பார்த்து, "இன்னா அண்ணாத்த, மூஞ்ச மூடி இட்டுகினு போறீங்க, புதுப் பொண்ணா?" என்றான். எங்கள் ஊரில் கருப்பணாரைப் பார்த்து இப்படிக் கேட்டிருந்தால் அவன் அன்று வீடு போயிருக்க முடியாது. நான் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன், அவன் சார்பில்.

திருக்கழுக்குன்றம் சாலையில் திரும்பியதும் சண்முகம் சொன்னான். "மாமா, ஸ்டேரிங் கனமா இருக்குதுங்க. முன்னால யாரோ தொங்கிட்டு வர்ற மாதிரி இருக்குது."

"பவர் ஆயில பாத்தியா?"

"பாத்துட்டுத்தானுங்க சொல்றேன்."

வழியில் ஓர் எடை மேடை இருந்தது. முழு வண்டியையும் ஏற்றினோம், கணக்கு சரி. பிறகு முன் சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்கும்படி நிறுத்தினோம். முன் அச்சை அறிய அதுதான் வழி. ஏழாயிரத்து எழுபது கிலோ என்று சிவப்பு எழுத்தில் காட்டியது.

எனக்குப் பதற்றம் இல்லை. இதற்குத்தானே என் தட்டு இருக்கிறது! தட்டைப் பூட்டியிருக்கிற ஊக்கைக் கழற்றி, ட்ரெய்லருக்குப் பிரேக் போட்டு, வண்டியை மெல்ல முன்னே இழுக்கச் சொன்னேன். தட்டு சறுக்கிக்கொண்டு கடைசித் துளை வரை பின்னே போனது. முன் அச்சில் முந்நூறு கிலோவாவது குறைய வேண்டும். மறுபடி ஏற்றினோம்.

ஏழாயிரத்து எழுபது.

மேடைக்காரன் பாபு, போனைப் பார்த்துக்கொண்டிருந்த பையல், தலையைத் தூக்காமலே சொன்னான். "மிசினு நல்லாத்தான் கீது அண்ணாத்த. காத்தால செங்கல் வண்டி போட்டேன், கரீக்ட்டா கீது."

வண்டியை இறக்கிவிட்டு நானே மேடையில் ஏறி நின்றேன். அறுபது காட்டியது. என் எடை அதுதான். மிஷினில் பழுது இல்லை. அப்படியானால் முன்னால் இருப்பதை இறக்கு என்றேன். ஜாக்கி, சங்கிலி, அரிசி மூட்டை, அடுப்பு, தண்ணீர் டிரம், கேபினுக்குப் பின்னால் கட்டியிருந்த ஸ்டெப்னி டயர். வேர்க்க விறுவிறுக்க இறக்கினோம். மொத்த எடை இறக்கியதற்கு ஏற்பக் குறைந்தது. முன் அச்சு, ஏழாயிரத்து எழுபது.

பாபு போனைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தான். "இன்னாங்க இது, பேஜாரா கீது? அப்பிடின்னா பின்னாடிதான் கொறயுதா? ஒண்ணுமே எடுக்காத எடத்துல எப்பிடிங்க கொறயும்?"

சங்கிலிக் கப்பியை ட்ரெய்லரின் வால் சட்டத்தில் மாட்டி, சிலைக்கு அடியில் இரும்புக் குழாய் உருளைகள் கொடுத்து, நானும் சண்முகமும் பாபுவுமாக இழுத்தோம். கிரேன் இல்லாமல் இருபத்துநாலு டன் கருங்கல்லை ஒரு முழம் பின்னே இழுத்தவன் நான் என்பதை இந்த இடத்தில் எழுதி வைக்கிறேன். ஒரு முழம் என்பது தட்டின் மேல் பெரிய கணக்கு. இப்போது முன் அச்சு ஆறாயிரத்து இருநூறு, முந்நூறுக்குள் வந்தாக வேண்டும்.

மேடையில் ஏற்றினோம். ஏழாயிரத்து எழுபது. கண்ணில் வேர்வை இறங்கியிருக்கும் என்று துடைத்துவிட்டுப் பார்த்தேன். எழுத்து மாறவில்லை.

சாப்பிட மனம் வரவில்லை. சற்றுச் சாயலாம் என்று கேபினுக்குள் ஏறினேன். இருக்கைகளுக்குப் பின்னால் ஓட்டுநர் படுக்கிற பலகை இருக்கும், அதில் ஒரு மெத்தை. அதற்கு அடுத்த பக்கம்தான் சாமியின் தலை. மெத்தையில் கை வைத்தேன். ஈரம். ஓர் ஆள் ஒருக்களித்துப் படுத்த அளவுக்கு நடுவில் குழி விழுந்திருந்தது. ஓரமெல்லாம் காய்ந்து உப்புக் கோடு. விரித்திருந்த துணியில் மணல் ஒட்டியிருந்தது. பீடி வாசம் வந்தது. நானும் பிடிப்பதில்லை, சண்முகமும் பிடிப்பதில்லை.

"நீ ஈரத்துணிய இங்க போட்டயா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க மாமா. நான் காலையிலயே பாத்தேன். நீங்கதான் ஏதோ போட்டுட்டீங்கன்னு சொல்லாம இருந்தேன்."

இருவரும் மெத்தையை எடுத்து உச்சி வெயிலில் போட்டோம். துணியை உதறினேன். பொழுது சாயும் வரை காய்ந்து மொறமொறவென்று ஆனது. திரும்ப உள்ளே விரித்துவிட்டுக் கீழே இறங்கி, பாபு வாங்கி வந்த டீயைக் குடித்தேன். டீ ஆறுவதற்குள் ஏறிப் பார்த்தேன். அதே குழி, அதே ஈரம். கதவைச் சாத்திவிட்டு இறங்கிவிட்டேன். அன்று இருவரும் ஊருக்குள் போய் அறை எடுத்துத் தங்கினோம். ட்ரெய்லரை விட்டுப் பிரிந்து நான் படுத்தது அதுதான் முதல் தடவை.

விடிந்ததும் வேறு மேடையில் பார்ப்போம் என்று, இறக்கிய சாமான்களைப் பாபுவிடமே விட்டுவிட்டுச் செங்கல்பட்டுப் பக்கமாக ஊர்ந்து போனோம். சண்முகம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினான். வளைவுகளில் ஸ்டேரிங் திரும்ப மறுத்தது. ஊருக்கு வெளியே இன்னொரு எடை மேடை. கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு பெண் பிள்ளை உட்கார்ந்து எடையை மைக்கில் சொல்கிற இடம்.

"முன்னாடி ஏழு டன் எழுபது" என்றது மைக்.

சண்முகத்தை இறங்கச் சொன்னேன். அவன் நல்ல உடம்புக்காரன். நானும் இறங்கினேன். கேபினில் யாரும் இல்லை. "ஏழு டன் எழுபது" என்றது மைக் மறுபடியும். "வண்டியில யார்னா கீறாங்களா? எறக்கி வுட்டுட்டுப் போடுங்க." கூண்டில் இருந்தபடி அந்தப் பெண் கேபினை உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னதாக எனக்குப் பட்டது.

இடது முன் டயரைத் தொட்டேன். தோசைக்கல் மாதிரி சுட்டது. பக்கவாட்டில் கட்டைவிரல் பருமனுக்குப் புடைப்பு. அந்த இடத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. ரோடு. பஸ்ஸும் காரும் நெரிசலுமாக விழுப்புரம் வரை கொதிக்கிற சாலை.

சண்முகம் சாலை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான். "மாமா, நம்ம டிரைவர் முருகேசன் முன் டயர் வெடிச்சுத்தான் போனான். வண்டிய வெட்டித்தான் எடுத்தாங்க. நானும் பக்கத்துல நின்னேன். நீங்க சொன்னா ஓட்டறேன். ஆனா அம்மாகிட்ட நீங்களே போய்ச் சொல்லிக்கோங்க."

கமிட்டித் தலைவருக்குப் போன் போட்டேன். முறையில் எனக்கு மச்சினர். எல்லாம் கேட்டுவிட்டு, "எழுபது கிலோதானே மாப்ள? வந்துருங்க. வெள்ளிக்கிழமை கண் திறக்கோணும், ஊரே காத்துட்டிருக்குது. சண்முகம் பயந்தான்னா அங்கயே ஒரு டிரைவரப் புடிச்சுப் போட்டுட்டு வாங்க" என்றார்.

"அந்த டிரைவரு மானத்துல இருந்தா குதிச்சான்? அவனுக்கும் ஆத்தா இருப்பாளுங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பிறகு வண்டியின் முன்னால் நின்று யோசித்தேன். தட்டை நகர்த்தினேன், கல்லை நகர்த்தினேன், சாமானை இறக்கினேன், ஆளை இறக்கினேன். அந்த எண் எதற்கும் அசையவில்லை. பாரமாக இருந்தால் நகர்த்தினால் நகரும். ஆக, முன்னால் இருப்பது பாரம் இல்லை. தானாக இறங்கினால்தான் உண்டு. தேசம்மா தூக்குவாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு போனது கண்ணில் வந்து நின்றது. "வண்டியத் தொடாதே, நிழல்ல உக்காரு" என்று சண்முகத்திடம் சொல்லிவிட்டு மாமல்லபுரம் பஸ் ஏறினேன்.

பஸ்ஸில் திருப்போரூர் முருகனுக்கு மொட்டை போட்டுக்கொண்டு திரும்புகிற ஒரு குடும்பம். சந்தனத் தலைகள் வரிசையாகக் குலுங்கின. எனக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்து, "எந்த ஊரு பெரிப்பா? மொகம் ஏன் இப்பிடி வெளுத்துகீது?" என்று கேட்டாள் ஒரு பெண். வண்டியில் கோளாறு என்றேன். வேறு என்ன சொல்ல?

நெம்மேலியில் ரோட்டோரப் புங்கமர நிழலில் தேசம்மா மீன் விற்றுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தாள்.

"வந்துட்டியா? நேத்து நீ போன அப்பால சோத்த எடுத்துகினு போனா, கல்லும் இல்ல, அதுவும் இல்ல. திருப்பி எடுத்தாந்து நாய்க்குப் போட்டேன். எங்க குந்திகினு கீது?"

"கேபின்ல, மெத்தையில" என்றேன். என் வாயிலிருந்து அது வந்ததை நானே கேட்டேன்.

"சாமி தலமாட்டாண்ட. அங்கதான் அதுக்குத் தூக்கம் வரும்." பக்கத்துக் கடையில் எனக்கு டீ சொன்னாள். "குடி நைனா. நல்ல தண்ணி. கடல்லேருந்து எடுக்குறாங்க. எங்க ஊட்டுக்காரரு கீற கடல்தான். பட்டணத்துக்காரன் அத்தினி பேரும் அதத்தான் குடிச்சிகினு கீறான்."

நான் டம்ளரை வாய்க்குக் கொண்டு போனவன் அப்படியே வைத்துவிட்டேன். அவள் என் டம்ளரையே பார்த்தாள், கோபமாக இல்லை.

மெல்லக் கேட்டேன். "அவரு இல்லைங்கறது உனக்குத் தெரியுமல்லம்மா?"

"எனக்குத் தெரியும். அது இல்லேன்னு அதுக்குத்தான் யாரும் சொல்லல. நான் எப்பிடி சொல்லட்டும்? சொல்லிட்டா நாளைக்கு சோறு யாருக்கு எடுத்துகினு போறது?"

"சொல்ல வேண்டாம்மா. எழுப்பி மட்டும் விடு. என் தங்கச்சி மகன் அந்த வண்டிய ஓட்டோணும். அவளுக்கு அவன் ஒருத்தன்தான்."

கூடையைப் பக்கத்துக்காரியிடம் தள்ளினாள். "பாத்துக்கடி. வவ்வால ஊசப் போட்டுடாத" என்று மீனை ஒப்படைத்துவிட்டு எழுந்து கையைக் கழுவினாள்.

நாங்கள் எடை மேடைக்கு வந்தபோது உச்சிப் பொழுது. சாலையில் நிழல் இல்லை. சண்முகம் தள்ளி நின்றான். கூண்டுப் பெண் மதியச் சோற்று டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தாள். முன் சக்கரங்கள் இன்னும் மேடையின் மேல்தான் நின்றன, காலையிலிருந்து.

தேசம்மா முதலில் சாமியைக் கும்பிட்டாள். பிறகு இடதுபக்கக் கதவைத் திறந்து, படியில் ஒரு காலை வைத்து ஏறி உள்ளே பார்த்தாள். பிறகு அவள் குரல் வந்தது. கடைத்தெருவில் புருஷனைத் தேடிப் பிடித்த எந்தப் பெண்ணின் குரலும் அப்படித்தான் இருக்கும்.

"யோவ் வேதகிரி. அடுத்தவன் வண்டியில படுத்துகினு இன்னா பண்ற? சங்ககிரி போறியா? அங்க இன்னா கீது ஒனக்கு, கடலு கீதா? எவ சோறு போடுவா? தெரியாத ஊருல போயி எறங்கி முழிச்சிகினு நிப்பியா? பாவம், அந்தப் பையன் ஒன்னால வண்டி ஓட்ட முடியாம குந்திகினு கீறான். ஏந்திரி. கல்லு போவுது, போவட்டும். வேற கல்லு கீது. ஏந்திரின்றன்ல? துண்ட எடுத்துக்கோ. வூட்டுக்கு வா."

கீழே இறங்கி, கதவைத் திறந்தபடியே பிடித்துக்கொண்டு நின்றாள். வயசானவர் ஒருவர் படியைத் தேடித் தேடி இறங்குவதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு நேரம் நின்றாள். ஒரு கையை நீட்டி வைத்திருந்தாள். முன் சக்கரங்களின் வில்பட்டைகள் முனகின. என் கண் முன்னால் கேபின் மெல்ல மேலே எழும்பியது. இடது டயரின் புடைப்பு உள்ளே போனது. மேடைத் தகட்டில், படிக்கு நேர் கீழே, ஈரம் படிந்தது. பாதம் என்று நான் சொல்லமாட்டேன். ஈரம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெயில் அதை உறிஞ்சிவிட்டது.

கூண்டுப் பெண்ணின் குரல் மைக்கில் உடைந்து வந்தது. "சார்... ஆறு டன் எரநூத்தி நாப்பது. சார், இன்னா எறக்குனீங்க? யாரும் ஒண்ணும் எறக்கலயே?"

ஆறாயிரத்து இருநூற்று நாற்பது. நேற்றே நான் மனதில் போட்டு வைத்த கணக்கு.

தேசம்மா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாலை ஓரத்தில் ஷேர் ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தினாள். உள்ளே இருந்த ஒருவர் நகர்ந்து இடம் கொடுத்தார். அவள் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு நடுவில் இடம் விட்டாள். இன்னொரு ஆள் ஏற வந்தபோது, "இங்க ஆளு கீது, முன்னாடி குந்து" என்றாள். ஆட்டோ கிளம்பி மேட்டில் ஏறத் திணறியது. ஓட்டுநர் ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்ப்பது தெரிந்தது.

மெத்தையைத் தொட்டேன். சுக்காகக் காய்ந்திருந்தது. இருந்தாலும் அதை எடுத்து அங்கேயே விட்டுவிட்டோம். டயர்க் கடை ஆளை வரவழைத்துப் புது டயர் மாட்டினோம். பாபுவிடம் விட்ட சாமான்களைத் திரும்பப் போய் எடுக்க எனக்கும் மனமில்லை, சண்முகத்துக்கும் மனமில்லை. அவனே வைத்துக்கொள்ளட்டும்.

"மாமா, பூ மாதிரி திரும்புதுங்க" என்றான் சண்முகம், ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏறியதும். அச்சரப்பாக்கத்தில் நிறுத்திச் சாப்பிட்டோம். சாம்பாரில் வெல்லம் இல்லை, ரசத்தில் மிளகு தாராளம். எங்கள் ஊர் 'அரிசியும் பருப்பும்' சாதத்துக்கு இது ஈடாகாது என்று சொன்னேன். சண்முகம் மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டான். அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சுங்கச்சாவடிகளில் ஒவ்வோர் அச்சாக எடை பார்க்கிறார்கள். ஓரிடத்திலும் நிறுத்தவில்லை.

வெள்ளிக்கிழமை கண் திறந்தார்கள். ஊர் பார்த்தது. எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கும்தான்.

இப்போது கோயில் சுவரில் கல்வெட்டு வைக்கப் போகிறார்கள். எழுதி வைத்திருப்பதைப் பார்த்தேன். கல்லுக்கு உபயம் இன்னார், கிரேனுக்கு இன்னார், அன்னதானத்துக்கு இன்னார், மாலைக்கு இன்னார். மாலைக்குக்கூட ஒரு பெயர்! என் பெயர் "மற்றும் ஊர்ப் பொதுமக்கள்" என்பதற்குள் இருக்கிறதாம். கேட்டால், உப்புக் காற்றில் எடை மிஷின் கெட்டிருக்கும், அதற்காக ஒரு நாளை வீணாக்கினீர்கள், என்கிறார் தலைவர். டீக்கடையில் என்னைப் பேய்க்கு எடை போட்டவர் என்று சொல்லிச் சிரிக்கிறார்களாம். சிரிக்கட்டும்.

ஆனால் கல்வெட்டில் தனி வரி வேண்டும். "கருப்பணாரை முன் அச்சு ஏழு டன்னுக்குள் பத்திரமாகக் கொண்டு வந்து சேர்த்தவர் சங்ககிரி மாரப்பன்" என்று வேண்டும். கீழே ஒரு வரியில் நெம்மேலி தேசம்மா என்றும் போடட்டும், அதற்கும் கூலி நான் தருகிறேன். வண்டியை நிறுத்தியவன் நான். போகச் சொன்னபோது போகாதவன் நான். பஸ் ஏறிப் போய் அந்த அம்மாளை அழைத்து வந்தவன் நான். இதெல்லாம் ஒன்றும் இல்லை என்றால், தலைவர் என் தங்கையின் வீட்டுக்குப் போகட்டும். அவள் சண்முகத்துக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கிற நேரமாகப் பார்த்துப் போகட்டும். அவள் முகத்துக்கு நேராக, எழுபது கிலோதானே என்று ஒரு தடவை சொல்லட்டும். அவருக்கு வாய் வரவில்லையென்றால் என் பெயரைக் கல்லில் வெட்டச் சொல்லட்டும்.